சூரியனைப் படிக்க மகளை அனுப்பலாமா?

கேள்வி: நான் லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் காசாளராக வேலை செய்கிறேன். கணவருக்கு உணவகத்தில் வேலை. எங்கள் மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பெறுபேறுகள் நல்லாய்த்தான் இருக்கு. கணினிப் பக்கமோ வங்கிப் பக்கமோ போவாள் என்று நினைத்திருந்தோம். இப்போது, விண்வெளித் தொலைநோக்கிகளால் சூரியனை ஆராயும் துறையில் மாஸ்டர் செய்யப் போகிறேன், பிறகு கலாநிதிப் பட்டம் என்கிறாள். சூரியன் தினமும் கண்ணுக்குத் தெரிகிறதுதானே, அதில் இனிக் கண்டுபிடிக்க என்ன இருக்கு? அதுக்கு ஏன் தொலைநோக்கியை ஆகாயத்துக்கு அனுப்ப வேணும்? இதெல்லாம் அமெரிக்காவில் செய்கிற வேலையல்லோ, பாரிஸில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்கிறியள் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். விளக்கமாகப் பதில் எழுதுங்கள்.

— ஒரு தாய், பாரிஸ்

பதில்: அம்மா, உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவைப் பற்றிய அந்தக் கவலைதான் மற்ற எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று எனக்குப் படுகிறது.

உங்கள் கடையிலிருந்து கார் து நோருக்கு நடந்து போய், ஆர்.இ.ஆர். பி வண்டியில் தெற்கு நோக்கி ஏறுங்கள். சில நிலையங்கள் தாண்டியதும் போர் ருவாயால் வரும். அங்கிருந்து சிறிது நடந்தால் 1667 இல் தொடங்கப்பட்ட பாரிஸ் வான்காட்சி நிலையம். இறங்காமல் அதே வண்டியில் தொடர்ந்து இருந்தால், முக்கால் மணி நேர அளவில் ஓர்சே வரும். அங்கே பாரிஸ்-சக்லே பல்கலைக்கழக வளாகத்துக்குள் விண்வெளி வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. சூரியனை விண்வெளியிலிருந்து பார்க்கும் ஆய்வில் ஐரோப்பாவின் முதல் வரிசை இடங்களில் அது ஒன்று. மகள் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரம். உலகின் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் விமானமேறி வரும் ஓர் இடத்துக்கு உங்கள் பிள்ளை நவிகோ அட்டையோடு போகலாம்.

அங்கே என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். ஐரோப்பிய விண்வெளி அமைப்பும் நாசாவும் சேர்ந்து 1995 டிசம்பர் 2 ஆம் திகதி சோஹோ என்ற விண்கலத்தை ஏவின. பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில், சூரியனின் பக்கமாக, லக்ராஞ்சுப் புள்ளி எனப்படும் இடத்தைச் சுற்றி அது நிற்கிறது. அங்கே இரவு கிடையாது, முகில் கிடையாது. 24 மணி நேரமும் சூரியனைப் பார்க்கலாம். அதில் இருந்த 12 கருவிகளில் ஒன்று, புற ஊதா ஒளியில் முழுச் சூரியனையும் படமெடுக்கும் தொலைநோக்கி. அதன் தலைமை ஆய்வாளர் ஓர்சேயின் ழான்-பியேர் டெலபூதினியேர். பச்சை, நீலம், செம்மஞ்சள் நிறங்களில் கொதிக்கும் சூரியப் படங்களைப் பாடப்புத்தகங்களிலும் தொலைக்காட்சியிலும் நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல அந்தக் கருவி எடுத்தவை. இரண்டு ஆண்டு வேலைக்கென்று அனுப்பிய விண்கலம், கால் நூற்றாண்டைத் தாண்டியும் உழைத்தது.

அடுத்தது சோலார் ஓர்பிட்டர். 2020 பெப்ரவரியில் ஏவப்பட்டது. சூரியனுக்கு 4.2 கோடி கிலோமீற்றர் வரை கிட்டப் போய்வருகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் 15 கோடி கிலோமீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நெருக்கத்தில் அதன் முன்புறக் கவசம் 500 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தைத் தாங்க வேண்டும். அந்தக் கவசத்தின் கறுப்புப் பூச்சு எரித்த எலும்புக் கரியிலிருந்து செய்யப்பட்டது. எத்தனையோ நவீன பொருட்கள் இருக்க, வெயிலில் நிறம் மாறாமல் நிற்பதற்கு அதுவே பொருத்தமாக அமைந்தது. அந்தக் கலத்திலுள்ள ஸ்பைஸ் என்ற நிறமாலைக் கருவியை இயக்கும் பொறுப்பு ஓர்சேயில் இருக்கிறது. தலைமை ஆய்வாளர் ஃப்ரெடெரிக் ஒஷேர். வானொலி அலைகளையும் மின்துகள் அலைகளையும் அளக்கும் இன்னொரு கருவி, பாரிஸ் வான்காட்சி நிலையத்தின் மெடோன் வளாகத்தில் மிலான் மக்சிமோவிச் தலைமையில் உருவானது. எக்ஸ் கதிர்க் கருவியின் உணரிகளைச் சக்லே அணுசக்தி ஆய்வு மையம் செய்துகொடுத்தது. இத்தனையும் பாரிஸைச் சுற்றி ஒரு மணி நேரப் பயணத்துக்குள். ஆகவே, பாரிஸில் இருந்துகொண்டு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு என் பதில்: இந்தத் துறைக்கு இதைவிடக் கிட்டிய ஊர் உலகில் அதிகம் இல்லை.

இனி முதல் இரண்டு கேள்விகளுக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் சூரியனை ஆராய ஏன் மேலே போக வேண்டும்?

நாம் காணும் மஞ்சள் வட்டம் சூரியனின் மேற்பரப்பு. அதன் வெப்பம் 5,500 பாகை செல்சியஸ் அளவு. அதற்கு வெளியே, பல இலட்சம் கிலோமீற்றர் தூரத்துக்குப் பரந்த மெல்லிய வளிமண்டலம் ஒன்று இருக்கிறது. பெயர் கொரோனா. நோய்க்கு அந்தப் பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே சூரியனுக்கு இருந்த பெயர் அது. மேற்பரப்பைவிடப் பத்து இலட்சம் மடங்கு மங்கலானதால், பட்டப்பகலில் நீல வானத்தின் வெளிச்சத்துக்குள் அது அமிழ்ந்துவிடும். முழுச் சூரிய கிரகணத்தின்போது மட்டும், சந்திரன் மேற்பரப்பை மறைத்தவுடன், வெண்ணிறமாகத் தெரியும். அதுவும் சில நிமிடங்களுக்கு.

அந்தச் சில நிமிடங்களுக்காக மனிதர் பட்ட பாட்டுக்கு ஒரு சாட்சி உங்கள் பக்கத்திலேயே நிற்கிறது. லா கூர்நேவ், ட்ரான்சி பக்கம் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு லு பூர்ஜே விமான அருங்காட்சியகம் தெரிந்திருக்கும். அங்கே வைத்திருக்கும் கொன்கோர்ட் விமானங்களில் ஒன்று, முதன்முதலாகப் பறந்த 001 ஆம் இலக்கம். 1973 ஜூன் 30 ஆம் திகதி, பிரெஞ்சு வானியலாளர் பியேர் லெனாவின் யோசனைப்படி, அந்த விமானம் கனேரித் தீவுகளிலிருந்து கிளம்பி, சஹாராவுக்கு மேலே ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் சந்திரனின் நிழலைத் துரத்திக்கொண்டு பறந்தது. நிலத்தில் நின்றவர்களுக்கு ஏழு நிமிடம் கிடைத்த கிரகணம், விமானத்தில் இருந்தவர்களுக்கு 74 நிமிடம் நீடித்தது. கூரையில் துளையிட்டுக் கண்ணாடி பொருத்தி, அதன் வழியே கொரோனாவைப் படமெடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய் அதைப் பாருங்கள்.

கிரகணத்துக்காகக் காத்திருக்காமல், தொலைநோக்கிக்குள்ளேயே ஒரு தட்டை வைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவரும் இந்த ஊர்க்காரர்தான். மெடோனில் வேலை செய்த பெர்னார் லியோ, 1930 இல் பிரெனே மலைகளில் பிக் து மிடி உச்சிக்கு அந்தக் கருவியைக் கொண்டுபோனார். காற்று சுத்தமான உச்சி அது. இருந்தாலும் காற்று காற்றுதான். ஒளி கொஞ்சமாவது சிதறும். விண்வெளிக்குப் போனால்தான் அந்தத் தொல்லை நீங்கும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கொரோனாவின் வெப்பம் பத்து இலட்சம் பாகைக்கும் மேல். அவ்வளவு சூடான வாயு முக்கியமாகப் புற ஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் ஒளிரும். அந்தக் கதிர்களை எங்கள் வளிமண்டலம் முழுவதுமாக உறிஞ்சிவிடும். எங்கள் உயிரைக் காக்கும் அதே காற்று, கொரோனாவின் முகத்தை எங்களிடமிருந்து மறைக்கிறது. ஆகவே மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை.

இப்போது அந்த எண்ணைத் திரும்பப் பாருங்கள். மேற்பரப்பு 5,500 பாகை. அதற்கு மேலே, வெப்பத்தின் ஊற்றிலிருந்து இன்னும் விலகிப் போன இடத்தில், பத்து இலட்சத்துக்கு மேல். ஊற்றை விட்டு விலகினால் சூடு குறைய வேண்டும். இங்கே இருநூறு மடங்கு கூடுகிறது. இது எப்படி? உங்கள் மகள் கேட்க விரும்பும் கேள்வி பெரும்பாலும் இதுதான். எண்பது ஆண்டுகளாக இதற்கு முழு விடை கிடைக்கவில்லை.

இந்தப் புதிர் வெளிவந்த கதையே சுவையானது. 1869 ஆம் ஆண்டுக் கிரகணத்தில் கொரோனாவின் ஒளியில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. புதுத் தனிமம் என்று நினைத்து அதற்குக் கொரோனியம் என்று பெயரும் வைத்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து, ஜேர்மனியின் வால்டர் குரோட்ரியானும் சுவீடனின் பெங்ட் எட்லேனும் அது வெறும் இரும்பு என்று காட்டினார்கள். ஆனால் சாதாரண இரும்பு அல்ல: 13 இலத்திரன்களை இழந்த இரும்பு. அணு ஒன்றிலிருந்து அத்தனை இலத்திரன்களைப் பிடுங்கி எறிய வேண்டுமானால் வெப்பம் பத்து இலட்சம் பாகையைத் தாண்டி இருக்க வேண்டும். அன்று பிறந்த கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

விடைகளாக இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. சூரியனின் காந்தப்புலத்தில் அலைகள் கிளம்பி மேலே போய் உடைந்து சூடாக்குகின்றன என்பது ஒன்று. முறுக்கிப் பின்னிக்கொண்ட காந்தப்புலக் கோடுகள் அறுந்து இணையும்போது எண்ணற்ற சிறு வெடிப்புகள் நிகழ்கின்றன, அவற்றின் கூட்டு வெப்பமே அது என்பது மற்றது. இந்த இரண்டாவதை 1988 இல் விரிவாக எழுதியவர் யூஜின் பார்க்கர். சோலார் ஓர்பிட்டர் 2020 மே மாதம் எடுத்த முதல் படங்களிலேயே, அதுவரை யாரும் காணாத சின்னஞ்சிறு மின்னல்கள் சூரியனெங்கும் தெரிந்தன. ஆராய்ச்சியாளர் அவற்றுக்கு முகாம் தீ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். சிறியவை என்றாலும் ஒவ்வொன்றும் 400 முதல் 4,000 கிலோமீற்றர் வரை நீளம். சில பத்து விநாடிகளிலிருந்து மூன்று நிமிடம் வரை வாழ்வு. கொரோனாவைச் சூடாக்க இவை மட்டும் போதுமா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. நான் ஒரு பக்கம் சாய்ந்து பேச விரும்பவில்லை. இரண்டு வழிகளும் வெவ்வேறு இடங்களில் வேலை செய்யக்கூடும் என்பதே இன்றைய அளவில் நியாயமான நிலை.

ஸ்பைஸ் போன்ற நிறமாலைக் கருவி என்ன செய்கிறது என்று நீங்கள் உடனே விளங்கிக்கொள்வீர்கள். கடையில் பொருளின் கோட்டுக் குறியை இயந்திரத்தில் காட்டியதும் அது எந்தப் பொருள், என்ன விலை என்று திரையில் வருகிறதல்லவா? ஒவ்வொரு தனிமமும் ஒளியில் தனக்கென்று கோடுகள் வைத்திருக்கிறது. கருவி அந்தக் கோடுகளைப் படித்து, அங்கே இருப்பது ஒட்சிசனா, நியோனா, இரும்பா, அதன் வெப்பம் என்ன, எங்களை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று சொல்லிவிடும்.

பார்க்கர் பெயர் வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். சூரியனிலிருந்து எல்லாத் திசைகளிலும் துகள்கள் காற்றுப்போல் ஓயாமல் வீசுகின்றன என்று அவர் 1958 இல் ஒரு கட்டுரை எழுதினார். மதிப்பீடு செய்த இரண்டு நிபுணர்களும் அதை நிராகரித்தார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எங்கள் சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கில் பிழை காட்ட யாராலும் முடியவில்லை என்பதால் நிபுணர்களை மீறி அதை வெளியிட்டார். சில ஆண்டுகளில் விண்கலங்கள் சூரியக் காற்றை நேரடியாக அளந்து உறுதிப்படுத்தின. இன்று அந்தப் பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம், 2024 டிசம்பர் 24 ஆம் திகதி, சூரியனுக்கு 61 இலட்சம் கிலோமீற்றர் வரை நெருங்கிப் போனது. தனக்கு உடன்பாடில்லாத கருத்துக்கும் நியாயம் செய்த அந்தத் தமிழரை உங்கள் மகள் அறிந்திருப்பார். நீங்களும் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இந்தத் துறை எங்களுக்கு அந்நியம் என்று சொந்தக்காரர் நினைத்தால், அது சரியல்ல. மெடோன் வான்காட்சி நிலையத்தை 1876 இல் நிறுவிய ஜூல் ஜான்சென், அதற்கு முன் தன் பெயரை நிலைநாட்டிய இடம் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர். 1868 ஓகஸ்ட் 18 ஆம் திகதிக் கிரகணத்தில், சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் ஒளிக்கோடுகள் மிகப் பிரகாசமாக இருப்பதைக் கண்டு, கிரகணம் இல்லாமலே அவற்றைப் பார்க்கலாம் என்று ஊகித்து, மறுநாளே பார்த்தும் விட்டார். ஹீலியத்தைக் கண்டவர் என்று பல புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன. குண்டூரில் அவர் உண்மையில் சாதித்தது கிரகணத்தின் தயவு இல்லாமல் சூரியனை ஆராயும் வழி; என் கணக்கில் அது ஒரு தனிமத்தைக் காண்பதைவிடப் பெரிது. 1871 டிசம்பர் 12 ஆம் திகதி இன்னொரு கிரகணத்துக்காக மீண்டும் வந்து, நீலகிரியில் சோலூர் என்ற கிராமத்தில் முகாமிட்டார். அவர் நிறுவிய மெடோனில் 1908 முதல் சூரியனை முறையாகப் படமெடுத்து வருகிறார்கள். கொடைக்கானல் வான்காட்சி நிலையம் 1901 முதல் சூரியனைப் பார்த்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜோன் எவர்ஷெட் 1909 இல் கண்டது அங்கேதான். நூறாண்டு தாண்டிய இந்த இரு படத்தொகுப்புகளும் இன்று கணினிக்கு ஏற்றப்பட்டு, விண்கலப் படங்களோடு பொருத்திப் படிக்கப்படுகின்றன.

தாய்நாட்டுப் பக்கம் இன்று நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டெம்பர் 2 ஆம் திகதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய ஆதித்யா-எல்1, சோஹோ நிற்கும் அதே புள்ளியைச் சுற்றிச் சூரியனைப் பார்க்கிறது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். 2024 டிசம்பர் 5 ஆம் திகதி அதே தளத்திலிருந்து இந்திய ரொக்கெட் ஒன்று ஐரோப்பாவின் புரோபா-3 ஐக் கொண்டுபோனது. அது இரண்டு கலங்கள். 150 மீற்றர் இடைவெளியில், மில்லிமீற்றர் பிசகாமல் ஒரே நேர்கோட்டில் பறந்து, ஒன்று சூரியனை மறைக்க, மற்றது கொரோனாவைப் படமெடுக்கும். லியோ தன் தொலைநோக்கிக் குழாய்க்குள் வைத்த தட்டு, இப்போது தனி விண்கலமாக நிற்கிறது.

கொரோனாவும் சூரியக் காற்றும் அறிஞர் மட்டும் கவலைப்படும் விஷயமல்ல. சூரியன் சில நேரம் கோடிக்கணக்கான தொன் வாயுவை ஒரே வீச்சில் வெளியே எறியும். அது பூமியின் காந்தப்புலத்தோடு மோதினால் மின்வலையமைப்பு, செய்மதி, விமானத் தொடர்பு, கைபேசி வழிகாட்டி எல்லாம் பாதிக்கப்படலாம். 1989 மார்ச் 13 ஆம் திகதி கனடாவின் கியூபெக் மாநிலம் இப்படி ஒன்பது மணி நேரம் இருளில் கிடந்தது; பாதிக்கப்பட்டோர் அறுபது இலட்சம் பேர். மொன்றியலில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கும். 2024 மே 10 இரவு பிரான்ஸிலேயே வானம் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்ததும் அதே காரணத்தால்தான். வாட்ஸப்பில் வரும் 'சூரியப் புயலால் உலகம் ஒரு வாரம் இருளும்' என்ற செய்திகளை நம்ப வேண்டாம். ஆனால் முன்னறிவிப்பு வேண்டும் என்பது உண்மை. சோஹோ போன்ற கலங்கள் இருப்பதால்தான் வெடிப்பு கிளம்பியதும் ஒன்று முதல் மூன்று நாட்கள் முன்கூட்டி எச்சரிக்கை கொடுக்க முடிகிறது.

இனி உங்களை உண்மையில் வருத்தும் கேள்வி: வேலை, வருமானம். இதில் இனிப்புப் பூசாமல் எழுதுகிறேன்.

நல்ல பக்கம் முதலில். பிரான்ஸில் அறிவியலில் கலாநிதிப் பட்டம் செய்வது சம்பளத்தோடு செய்யும் வேலை. மூன்று ஆண்டு ஒப்பந்தம். சமூகக் காப்புறுதி, ஓய்வூதியக் கழிவு எல்லாம் உண்டு. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சம் 2024 இல் மாதம் 2,100 யூரோ, 2025 இல் 2,200, 2026 இல் 2,300, கழிவுகளுக்கு முன். பெரும் பணமல்ல. ஆனால் பிள்ளை படிப்பதற்கு நீங்கள் கடன் பட வேண்டியதில்லை. சூரியத் துறையில் பிரெஞ்சு விண்வெளி அமைப்பான க்னெஸ் தானும் ஒரு பங்கு போட்டு ஆய்வு மாணவர்களை எடுக்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் மாஸ்டர் கட்டணமும் ஆண்டுக்குச் சில நூறு யூரோதான்.

கடினமான பக்கம் இது. கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு நிரந்தர ஆய்வாளர் பதவிக்குப் போட்டித் தேர்வு. நாடு முழுவதற்கும் ஆண்டுக்குக் கிடைக்கும் இடங்கள் கைவிரல் மடித்து எண்ணும் அளவு. பலர் அதற்கு முன் ஜேர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா என்று இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் மாற வேண்டும். முப்பது வயது தாண்டித்தான் பலருக்கு நிலையான கதிரை கிடைக்கும். கல்யாணப் பேச்சு, வீடு வாங்கும் பேச்சு எல்லாவற்றையும் இது பாதிக்கும். மகளோடு இதை வெளிப்படையாகப் பேசுங்கள். ஒரு விடயம் மட்டும் எங்கள் மக்களுக்குச் சாதகம்: பிரான்ஸின் தேசிய ஆய்வு நிறுவனத்தில் ஆய்வாளர் தேர்வுக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை.

ஆய்வாளர் பதவி கிடைக்காவிட்டால் படித்தது வீணா? இல்லை. உங்கள் மகள் தொலைநோக்கிக் குழாயில் கண் வைத்துக்கொண்டு இருக்கப் போவதில்லை. அவரது நாளின் பெரும்பகுதி கணினியில் போகும்: விண்கலத்திலிருந்து வரும் ஆயிரக்கணக்கான படங்களில் கருவியின் பிழையையும் சூரியனின் மாற்றத்தையும் பிரித்தெடுப்பது, நிரல் எழுதுவது, கணித மாதிரி கட்டுவது, எழுதியதை மற்றவர் சரிபார்க்கத் தருவது. இதே திறமையைத்தான் விண்வெளித் தொழில்துறையும் மருத்துவப் படத்துறையும் தரவுப் பகுப்பாய்வும் தேடுகின்றன. நீங்கள் முதலில் ஆசைப்பட்ட கணினி வேலை, வங்கி வேலை இரண்டின் கதவும் அவருக்குத் திறந்தே இருக்கும். பௌதிகத்தை விட்டுக் கணினிக்குப் போவது எளிது. கணினியில் பத்தாண்டு இருந்துவிட்டுப் பௌதிகத்துக்குத் திரும்புவது மிகக் கடினம். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஆசை இருக்கும்போது முதலில் பௌதிகம் என்று நான் சொல்வேன்.

பொறுமை உள்ள பிள்ளையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு விண்கலம் யோசனையிலிருந்து ஏவுதளத்துக்கு வர இருபது ஆண்டு ஆகும். சோலார் ஓர்பிட்டருக்கு அவ்வளவு ஆனது. சிலர் முழு உத்தியோக வாழ்வில் இரண்டு கருவிகளைத்தான் காண்பார்கள். ஏவிய பிறகும் காத்திருப்புத்தான். 2025 பெப்ரவரியில் வெள்ளிக் கிரகத்தின் ஈர்ப்பைப் பயன்படுத்தி சோலார் ஓர்பிட்டர் தன் பாதையைச் சாய்த்தது. அதற்குப் பிறகே சூரியனின் தென்துருவத்தை மனிதர் முதன்முதலாகச் சரியான கோணத்தில் கண்டார்கள். அந்தப் படம் 2025 ஜூனில் வெளிவந்தது. சாய்வு இன்னும் கூடும். 2029 இல் இன்னும் தெளிவாகத் துருவங்கள் தெரியும். சூரியனின் செயற்பாடு கூடிக் குறையும் பதினோராண்டுச் சுழற்சியின் இரகசியம் துருவங்களில் இருக்கிறது என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் மகள் இப்போது மாஸ்டர் தொடங்கினால், கலாநிதிப் பட்டத்தை முடிக்கும் தறுவாயில் அந்தத் தரவுகள் வந்துகொண்டிருக்கும். இதைவிடப் பொருத்தமான காலத்தில் இந்தத் துறைக்குள் நுழைபவர் குறைவு.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஓர்சேயில் மெடொக் என்ற தரவு மையம் இருக்கிறது. சோஹோ, சோலார் ஓர்பிட்டர் படங்களும் அளவீடுகளும் அங்கே எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கின்றன. பைத்தன் நிரலில் அவற்றைப் படிக்க சன்பை என்ற இலவசத் தொகுப்பு உண்டு. மகளை இன்றிரவே ஒரு நாளின் படங்களை இறக்கி உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அவர் விளக்கும் விதத்திலேயே இது நாளைக்கு மறையும் ஆசையா, நிலைக்கும் ஆசையா என்று தாய்க்குத் தெரிந்துவிடும். மூன்றாம் ஆண்டு முடியும் கோடையில் இரண்டு மாதமாவது ஓர்சேயிலோ மெடோனிலோ பயிற்சிக்குப் போகட்டும். ஆய்வாளர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதிக் கேட்பதுதான் இங்கே வழக்கம், அதில் கூச்சம் வேண்டாம். மாஸ்டரின் முதலாண்டைப் பொதுப் பௌதிகத்தில் செய்வது நல்லது. இரண்டாமாண்டில், பாரிஸ் வான்காட்சி நிலையமும் பாரிஸ் பகுதிப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் வானியல், வானியற்பியல், விண்வெளிப் பொறியியல் பிரிவுக்குப் போகலாம். வீட்டில் இளைய பிள்ளைகள் இருந்து, நீண்ட படிப்பில் நாட்டம் இல்லை, கைவேலையில் கெட்டிக்காரர் என்றால், ஓர்சே தொழில்நுட்ப நிறுவனத்தின் பௌதிக அளவீட்டுப் படிப்பும் இதே ஆய்வகங்களுக்குள் கொண்டுபோய் விடும். விண்வெளிக் கருவியைத் தூசில்லாத அறையில் பூட்டிப் பரிசோதிப்பவர்களில் பலர் தொழில்நுட்பவியலாளர்கள். மாஸ்டர் முதலாண்டுக்கான விண்ணப்பம் 'மோன் மாஸ்டர்' தளத்தில் பெப்ரவரியில் திறந்து மார்ச்சில் மூடும். நாளைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடக்கூடும். மகளை இந்த ஆண்டே விண்ணப்பிக்க விடுங்கள்.